சூரியத் தகட்டுக்குக் கீழே புல்! மருந்து அடிக்க எந்த மூக்கு?

வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரத்துக்கு ஓர் எதிரி உண்டு.

மேகம் அல்ல. மழை அல்ல. புல்!

ஆம். காலடியில் முளைக்கும் சாதாரணப் புல்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி என்று ஓர் ஊர். மதுரையில் இருந்து சுமார் 90 கிலோ மீட்டர். அந்த ஊர்ப் பக்கம் 2016-ம் ஆண்டு ஒரு ராட்சச சூரிய மின் நிலையம் வந்தது. 2,500 ஏக்கர் நிலம். 25 லட்சம் தகடுகள். 648 மெகாவாட் மின்சாரம். 8 மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது என்று அப்போது பெயர் வாங்கியது. பிறகு அதையும் மிஞ்சிய நிலையங்கள் வந்துவிட்டன.

தகட்டின் மேல் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். அதைத் துடைக்க அங்கே எந்திரங்களை வைத்தார்கள். மேலே துடைக்க எந்திரம் வந்துவிட்டது. கீழே முளைப்பதை என்ன செய்வது?

கமுதிப் பக்கம் கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். "இங்கே புல்லாவது, முளைப்பதாவது!" என்று தோன்றும். ஐப்பசியில் இரண்டு மழை விழட்டும். பிறகு பாருங்கள்! இப்படிப்பட்ட நிலத்தில் கோரை, அருகு, சாரணை, பார்த்தீனியம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிடும். சீமைக் கருவேலமோ மழைக்குக்கூடக் காத்திருக்காது.

பெரிய நிலையத்துக்கு மட்டும் வந்த கவலை அல்ல இது. கிணற்று மேட்டில் சோலார் பம்பு வைத்திருக்கும் விவசாயிக்கும் இதே கவலைதான். அவரிடம் பத்துப் பதினைந்து தகடு இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு செடியின் நிழல்

"கொஞ்சம் புல் வளர்ந்தால் என்ன? வளர்ந்துவிட்டுப் போகட்டுமே!" என்று கேட்கலாம்.

கோயில் திருவிழாவில் சர விளக்கு போடுகிறார்கள் அல்லவா? அதில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். சூரியத் தகடும் அந்த ஜாதிதான். ஒரு தகட்டுக்குள் 60, 72 என்று சிறு சிறு சில்லுகள் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று கைகோத்து நிற்கின்றன. ஒரு சில்லின் மேல் நிழல் விழுந்தால் போதும். மற்றவை வெயிலில் நின்றும் பயன் இல்லை. அந்த வரிசையின் மின்சாரம் தடைப்படுகிறது.

இதற்காகத் தகட்டின் பின்னால் மாற்று வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியை விட்டுவிட்டு மின்சாரம் சுற்றிப் போகும். அப்படியும் அந்தத் தகட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். இடுப்பு உயரம் வளர்ந்த ஒரு பார்த்தீனியச் செடி இந்த வேலையைச் செய்துவிடும்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. நிழல் விழுந்த சில்லு சூடேறும். நாளடைவில் அந்த இடம் கருகிப் போகும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து சருகாக நிற்கும்போது ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும்? சொல்ல வேண்டியது இல்லை. பாம்பு பயம் வேறு. கம்பி பார்க்கப் போகிறவர் காலைக் கீழே வைக்க யோசிக்க வேண்டும்.

சின்ன இடம் என்றால் களைக்கொத்து போதும். அதுவே நல்லது. ஏக்கர் கணக்கில் என்றால் ஆள் கிடைப்பது கஷ்டம். புல் வெட்டும் எந்திரம் இருக்கிறது. ஆனால் அது சுழலும்போது கல்லைத் தூக்கி அடிக்கும். கல் பட்டால் கண்ணாடி போச்சு! ஆகவே பலரும் களைக்கொல்லி மருந்தைத் தேடிப் போகிறார்கள்.

அங்கேதான் மூக்கு வருகிறது.

விரல் நுனி அளவு

மருந்து அடிக்கும் மெஷினில் டேங்க் இருக்கிறது. குழாய் இருக்கிறது. குழாயின் முனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு சிறு சாமான் இருக்கிறது. அதற்கு நாசில் என்று பெயர். இங்கிலீஷில் மூக்கு என்ற சொல்லில் இருந்து பிறந்த பெயர் அது. தமிழில் மூக்கை நாசி என்றும் சொல்கிறோம். ஒலி எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

விலை என்று பார்த்தால் மெஷினில் மிகவும் மலிவான சாமான் இதுதான். ஆனால் டேங்கில் உள்ள மருந்து புல்லுக்குப் போகுமா, கண்ணாடிக்குப் போகுமா, பக்கத்து வயலுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பதும் இதுதான்.

எப்படி?

மூக்கின் வழியாக மருந்து துளித் துளியாகப் பிரிந்து வருகிறது. சில துளிகள் பெரியவை. சில துளிகள் பனிபோலச் சிறியவை. துளியின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிப்பு இருக்கும்.

400 மைக்ரான் துளியை 10 அடி உயரத்தில் இருந்து விடுங்கள். இரண்டே விநாடியில் தரைக்கு வந்துவிடும். மணிக்கு 5 கிலோ மீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினாலும் எட்டு ஒன்பது அடிதான் விலகும்.

100 மைக்ரான் துளி விழுவதற்குப் பத்து விநாடி பிடிக்கும். அதற்குள் 40 அடிக்கு மேல் போய்விடும்.

20 மைக்ரான் துளி? நாலு நிமிஷம் ஆகாயத்திலேயே மிதக்கும். ஆயிரம் அடி தூரம் போய் இறங்கும்! கண்ணுக்கும் தெரியாது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. ஒரு துளியின் குறுக்களவைப் பாதியாக்கினால் இரண்டு துளி கிடைக்கும் என்று நினைப்போம். இல்லை. எட்டுத் துளி கிடைக்கும். அதனால்தான் துளி சிறுக்கச் சிறுக்கப் பனிமூட்டம்போலக் கிளம்பிவிடுகிறது. பார்ப்பதற்கு, "ஆகா, மருந்து நன்றாகப் பரவுகிறது!" என்று தோன்றும். உண்மையில் மருந்து ஓடிப் போகிறது.

பருத்தி படும் பாடு

ராமநாதபுரம் சீமையில் பருத்தியும் மிளகாயும் முக்கியமான வெள்ளாமை. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தகடுகள் நிற்கும் வேலிக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு வயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2,4-டி என்று ஒரு களைக்கொல்லி. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். பருத்தியும் அகன்ற இலைச் செடிதான். அந்த மருந்துக்கும் பருத்திக்கும் ஆகவே ஆகாது. மிக மிகக் கொஞ்சம் பட்டாலே போதும். புதிதாக வரும் இலைகள் வெண்டை இலைபோல விரல் விரலாகப் பிரிந்து குறுகிப்போகும். பூவும் பிஞ்சும் குறையும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் இதே கதிதான். மருந்து அடித்தவருக்கு விஷயமே தெரியாது. சில நாள் கழித்துத்தான் வயல்காரர் தலையில் கை வைப்பார்.

காற்றில் போகும் மருந்தால் கொலையே நடந்திருக்கிறது!

அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் என்று ஒரு மாநிலம். பருத்தியும் சோயாவும் விளையும் சீமை. 2016-ம் ஆண்டு அக்டோபரில் அங்கே ஒரு விவசாயிக்கும் வேறொரு பண்ணையில் வேலை செய்தவருக்கும் நடு ரோட்டில் வாக்குவாதம். பக்கத்தில் அடித்த டைகாம்பா என்னும் களைக்கொல்லி தன் பயிரைக் கெடுத்துவிட்டது என்பது விவசாயியின் புகார். பேச்சு முற்றியது. துப்பாக்கி வெடித்தது. விவசாயி இறந்தார். சுட்டவருக்கு 2017-ல் 24 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அந்த 2017-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 36 லட்சம் ஏக்கர் சோயா இந்த மருந்தால் பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள். அந்த மருந்து அடித்த பிறகு ஆவியாகக் கிளம்பியும் பரவக் கூடியது. ஆகவே பழி முழுவதையும் மூக்கின் மேல் போட முடியாது. ஆனால் அங்கே பிறகு போட்ட விதிகளில் எந்த மூக்கைப் பயன்படுத்தலாம் என்பதும் ஒன்று.

சரி, பக்கத்தில் வயலே இல்லை. பொட்டல்தான். அப்போதும் கண்ணாடி இருக்கிறதே! மருந்து நீர் கண்ணாடியில் பட்டுக் காய்ந்தால் படலம் படியும். அதன் மேல் தூசி ஒட்டும். தகடு செய்யும் கம்பெனிகள் தகட்டைக் கடுமையான ரசாயனத்தால் துடைக்கக்கூடாது என்று எச்சரிக்கின்றன. துடைக்கவே கூடாத சாமானை அதன் மேல் அடிக்கலாமா? புல்லின் நிழலை நீக்கப் போய் மருந்தின் படலத்தைப் பூசிவிட்டு வருவதில் என்ன லாபம்?

எந்த மூக்கு?

மூக்குகளில் பல ஜாதி உண்டு.

கூம்பு மூக்கு: பல மெஷின்களில் வாங்கும்போதே மாட்டி வருவது இது. மருந்து சுழன்று குடைபோல விரியும். துளி பொடியாக இருக்கும். இலையின் மேலும் கீழும் ஒளிந்திருக்கும் பூச்சியைக் கொல்ல இது நல்லது. களை மருந்துக்கு, அதுவும் தகட்டின் கீழே, இது ஆகாது. ஜனங்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்த அதே மூக்கோடு களை மருந்துக்குப் போய்விடுகிறார்கள்.

விசிறி மூக்கு: மருந்து விசிறிபோலத் தட்டையாக இறங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் களைக்கொல்லிக்கு இதைத்தான் சொல்கிறது. இதிலும் இரண்டு வகை. ஒன்றில் நடுவில் மருந்து அதிகம், ஓரங்களில் குறைவு. டிராக்டரில் பல மூக்குகளை வரிசையாக மாட்டுவதற்கு அது. ஒன்றின் ஓரம் அடுத்ததன் ஓரத்தோடு சேர்ந்து சரியாகிவிடும். இன்னொன்றில் அகலம் முழுவதும் ஒரே அளவு விழும். கையில் ஒற்றை மூக்குடன் போகிறவருக்கு இந்த இரண்டாவதுதான் வேண்டும். கடையில், "ஈவன் வகை" என்று கேட்க வேண்டும்.

பிளட் ஜெட்: மருந்து ஒரு சிறு தடுப்பில் மோதி அகலமாகத் தெறிக்கும். குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்யும். துளி பெரியது. தரைக்குப் பக்கத்தில் பிடித்தாலும் நல்ல அகலம் கிடைக்கும். தகட்டுக்குக் கீழே குனிந்து அடிப்பவருக்கு மிகவும் வசதி. வேர் வழியாகவோ தண்டு வழியாகவோ உள்ளே பாயும் மருந்துக்கு இது போதும். பட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்துக்குப் போதாது. அதற்கு இலை நன்றாக நனைய வேண்டும். விசிறியே மேல்.

ஓரம் வீசும் மூக்கு: இது ஒரு பக்கமாக மட்டும் வீசும். ஆள் இரண்டு வரிசைக்கு நடுவில் உள்ள பாதையில் நிற்கலாம். குழாயைத் தாழ்த்திப் பிடித்தால் மருந்து தகட்டின் அடியில் போய் விழும். உள்ளே நுழைய வேண்டியது இல்லை. தலை இடிபடாது. ஒன்று மட்டும் கவனம். இரும்புக் கால்களின் மறைவில் இருக்கும் புல் தப்பிவிடும். எனவே எதிர்ப் பக்கம் வந்தும் ஒரு முறை அடிக்க வேண்டும்.

காற்றை உறிஞ்சும் மூக்கு என்றும் ஒன்று வந்திருக்கிறது. மருந்தோடு காற்றையும் கலந்து பெரிய பெரிய துளியாக விடும். காற்றில் பறப்பது வெகுவாகக் குறையும். ஆனால் இதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும். தோளில் சுமந்து கையால் அடிக்கும் மெஷினில் இது சரியாக வேலை செய்வது சந்தேகம். டிராக்டர் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

எந்த மூக்கு ஆனாலும் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குடை மாட்டிக்கொள்வது நல்லது. துளி மேலே கிளம்பாது.

நிறத்தில் இருக்கிறது சூட்சுமம்

விசிறி மூக்குகள் பல நிறத்தில் வருகின்றன. அழகுக்காக அல்ல! உலகம் முழுவதும் ஒரே கணக்கு. ஆரஞ்சு என்றால் 01. பச்சை 015. மஞ்சள் 02. நீலம் 03. சிவப்பு 04. எண் ஏற ஏறத் துவாரம் பெரிது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் நிறத்தைப் பார்த்துச் சரியான மூக்கை எடுத்துவிடலாம்.

மூக்கின் மேல் 11002 என்று பொறித்திருக்கும். முதல் மூன்று எண் விசிறி விரியும் கோணம். 110 டிகிரி. கடைசி இரண்டு எண் துவாரத்தின் அளவு. 110 டிகிரி மூக்கை ஒன்றரை அடி உயரத்தில் பிடித்தால் நாலு அடிக்கு மேல் அகலம் கிடைக்கும். 80 டிகிரி மூக்கில் இரண்டரை அடிதான்.

அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வார்கள். கார் டயரில் உள்ள காற்று ஏறக்குறைய 2 பார். மஞ்சள் மூக்கு 3 பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 0.8 லிட்டர் தரும். நீல மூக்கு அதே அழுத்தத்தில் 1.2 லிட்டர் தரும். அழுத்தத்தை 1.5 பாராகக் குறைத்தால் நீல மூக்கும் ஏறக்குறைய 0.8 லிட்டர்தான் தரும்.

தண்ணீர் செலவு ஒன்றுதான். ஆனால் நீலத்தில் துளி பெரியது. பறப்பது குறைவு. தகட்டின் கீழே அடிப்பவர் பெரிய எண்ணை மாட்டி, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சிறிய எண்ணை மாட்டி ஓங்கி ஓங்கிப் பம்பு அடித்தால் பனிமூட்டம்தான். பேட்டரி மெஷினில் வேகம் கூட்டும் திருகு இருந்தால் அதைக் குறைத்து வைக்க வேண்டும். ஒரு பாருக்கும் கீழே இறக்கினால் விசிறி சுருங்கிவிடும். அதுவும் கூடாது.

ஒரு வாளி, ஒரு கடிகாரம்

மூக்கு தேய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் பார்த்தால் தெரியாது. டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். மூக்கை வாளிக்குள் பிடித்து ஒரு நிமிஷம் அடியுங்கள். விழுந்த தண்ணீரை அளந்து பாருங்கள். புதிய மூக்கு தந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நிமிஷத்துக்கு 50 மீட்டர் நடக்கிறார். ஒரு மீட்டர் அகலத்துக்கு அடிக்கிறார். ஒரு ஏக்கரை முடிக்க 81 நிமிஷம் ஆகும். 0.8 லிட்டர் மூக்கு என்றால் 65 லிட்டர் செலவு. 16 லிட்டர் டேங்கில் நாலு டேங்க். மூக்கு தேய்ந்து 0.88 லிட்டர் வந்தால் 71 லிட்டர் போகும். ஏக்கருக்கு 6 லிட்டருக்கு மேல் மருந்து நீர் வீண்! புல்லுக்கும் அளவுக்கு மிஞ்சிய மருந்து. பித்தளை மூக்கு சீக்கிரம் தேயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பீங்கானும் நாள்பட உழைக்கும்.

மூக்கு அடைத்துக்கொண்டால் சிலர் வாயில் வைத்து ஊதுகிறார்கள். ஐயோ! விஷத்தை வாயில் வைப்பதா? ஊசி, கம்பி விட்டுக் குத்துவதும் தவறு. துவாரம் பெரிதாகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அந்தப் பிரஷ்ஷைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மெஷினோடேயே கட்டி வைக்க வேண்டும்.

காற்று பலமாக வீசும்போது அடிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்று அடியோடு ஓய்ந்த விடியற்காலையிலும் அடிக்கக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கி நிற்கும். பொடித் துளிகள் கீழேயும் விழாமல் மேலேயும் கலையாமல் அப்படியே மிதந்து நகரும். அடுப்புப் புகை மேலே ஏறாமல் வீட்டைச் சுற்றிப் படர்ந்து நிற்கிறதா? அப்போது மெஷினைத் தொட வேண்டாம். வெயில் ஏறி, புகை மேலே போகத் தொடங்கிய பிறகு புறப்படலாம். இளங்காற்று வயலுக்கு எதிர்த் திசையில் வீசினால் மிகவும் நல்லது.

கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அவசியம். எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளும் வேளாண்மை அலுவலரும் சொல்வார்கள். மீந்த மருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. குழந்தைக்கு அது குடிக்கும் கலராகத்தான் தெரியும்.

ஆடு மேய்த்தால் என்ன?

மருந்தே வேண்டாம், ஆட்டை விட்டு மேய்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல சூரிய மின் நிலையங்களில் செம்மறி ஆடுகள்தான் களை எடுக்கின்றன. குனிந்த தலை நிமிராமல் புல்லை மேய்ந்துவிட்டுத் தகட்டின் நிழலில் படுத்துக்கொள்ளும். மருந்து அடித்த இடத்தில் மட்டும், புட்டியில் சொன்ன நாள் கழியும் வரை விடக்கூடாது.

வெள்ளாடு? அது தகட்டின் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்க்கும். இறங்கி வந்து வயரையும் கடித்துப் பார்க்கும்!